பதினேழாம் கேள்வி

ஒச்சப்பனுக்கு வயது அறுபத்தொன்று. அவர் குருவாக ஏற்றுக்கொண்ட அமுதவாணருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஒரு காலத்தில் ஒச்சப்பன் இருந்த சிறைக்கு வந்து கைதிகளுக்குத் தியானம் சொல்லிக்கொடுத்த துறவி அவர். விடுதலையாகி, ஒரே மகள் பொற்கொடியைக் கட்டிக்கொடுத்து, வீடு வெறிச்சென்று ஆனபின் ஒச்சப்பன் அவருடைய மடத்துக்கு வந்து சேர்ந்தார். சமையற்கட்டைப் பார்த்துக்கொண்டார்.

பொற்கொடி இப்போது ஆஸ்திரேலியாவில் இருந்தாள். பேத்திக்கு மூன்று வயது. போனில் மட்டுமே பார்த்த முகம். "தாத்தா, எப்ப வருவே?" என்று அது ஒவ்வொரு தடவையும் கேட்கும்.

ஒருநாள் விசா விண்ணப்பம் தபாலில் வந்தது. ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் மகள் தமிழில் விளக்கம் எழுதி, டிக் போடவேண்டிய கட்டத்தில் பென்சிலால் புள்ளி வைத்து அனுப்பியிருந்தாள். பதினாறாம் கேள்விவரை மளமளவென்று முடித்தார். பதினேழில் கை நின்றுவிட்டது.

தாள்களை எடுத்துக்கொண்டு குருவிடம் போனார்.

"குற்றத்துக்காகத் தண்டனை அடைஞ்சது உண்டா, மன்னிக்கப்பட்டிருந்தாலும் சொல்லணும்னு கேக்குறாங்க, சாமி. பொண்ணு 'இல்லை'யில புள்ளி வச்சிருக்கா."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"கிணத்துத் தண்ணித் தகராறுல பங்காளியை வெட்டிட்டேன். செத்துட்டான். பதினோரு வருஷம் உள்ள இருந்தேன். அப்புறம் கவர்மெண்டே மன்னிச்சு அனுப்பிடுச்சு. மன்னிச்சு முடிஞ்சதை இன்னொருத்தர் எதுக்கு சாமி கேக்கணும்? உண்டுன்னு போட்டா அங்க விடமாட்டாங்களோன்னு பயமா இருக்கு. அந்தப் பிள்ளையை ஒரு தடவை மடியில வச்சுக்கணும். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

குரு ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் எடுத்தார்.

"சரி, இல்லைன்னே வச்சுக்குவோம். அந்தப் பதினோரு வருஷம் எங்க இருந்தீங்க? பேத்தி வளர்ந்து கேட்டா சொல்லணுமே."

ஒச்சப்பன் கொஞ்சம் யோசித்தார். "துபாய்ல இருந்தேன்னு சொல்லிடுறேன்."

"நல்லது. அந்த வருஷங்கள்ல பொற்கொடியைப் பத்தி என்னென்ன ஞாபகம் இருக்கு? சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

ஒச்சப்பன் முகம் மலர்ந்தது. "ஒண்ணாங் கிளாஸ் சேர்ந்ததும் யூனிபாரத்தோட வந்தா, சாமி. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்னு, சுத்திச் சுத்திக் காட்டினா."

குரு எழுதினார். எழுதியதன் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

"ஏன் சாமி அடிக்கிறீங்க?"

"நீங்கதான் துபாய்ல இருந்தீங்களே. அடுத்தது?"

"முன்பல் விழுந்தப்ப வாயைத் திறந்து காட்டிச் சிரிச்சா."

எழுதினார். அடித்தார்.

"பத்தாவது மார்க்கை ஒவ்வொண்ணா வாசிச்சுக் காட்டினா. காவலுக்கு நின்னவரே கைதட்டினாரு."

எழுதினார். அடித்தார்.

ஒச்சப்பனின் குரல் இறங்கியது.

"அவ அம்மா செத்த சேதியை அவதான் வந்து சொன்னா. சின்னப் பிள்ளை. அவ அழல, நான்தான் அழுதேன். வலைக்குள்ள விரலை விட்டு, என் விரலைத் தொட்டுக்கிட்டே நின்னா."

குரு எழுதி முடித்தார். பேனா மறுபடி அந்த வரியின் தொடக்கத்துக்குப் போனது.

ஒச்சப்பன் சட்டென்று குருவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் சாமி. அது இருக்கட்டும்."

குரு பேனாவை அவரிடமே கொடுத்துவிட்டார்.

ஒச்சப்பன் விண்ணப்பத்தை விரித்தார். பென்சில் புள்ளியைக் கட்டைவிரலால் தேய்த்தார். அது முழுசாகப் போகவில்லை. பக்கத்துக் கட்டத்தில், 'உண்டு' என்பதற்கு நேரே, டிக் போட்டார். கீழே கையெழுத்தும் போட்டார். மன்னிப்பு உத்தரவின் நகலைப் பின்னால் வைத்தார்.

"விசா வராமப் போயிடுமா, சாமி?"

"போனாலும் போகலாம்."

ஒச்சப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

குரு கேட்டார்: "சிறைக்கு உங்களைப் பார்க்க வந்தா, பொண்ணை உடனே உள்ள விட்டுடுவாங்களா?"

"எங்க சாமி! காலையிலயே மனு எழுதிக் கொடுத்துட்டு வாசல்ல நிக்கணும். சில நாள் கூப்பிடுவாங்க. சில நாள் இன்னிக்கு முடியாதுன்னு திருப்பி அனுப்பிடுவாங்க."

"அனுப்பிட்டா?"

"மறுபடியும் வந்து மனு கொடுத்துட்டு நிப்பா."

குரு விண்ணப்பத்தை மடித்து அவர் கையில் வைத்தார்.

"இந்தத் தடவை நீங்க நில்லுங்க."