அசமந்தூரார் கட்டிய பாலம்

அசமந்தூர்க்காரர்களைச் சோம்பேறிகள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆவுடையப்பன் மகள் செண்பகத்துக்கு ஆற்றுக்கு அக்கரையில் மாப்பிள்ளை அமைந்தது. கல்யாணம் மாப்பிள்ளை வீட்டில். ஆற்றிலோ ஆளை அடித்துக்கொண்டு போகும் வெள்ளம். முகூர்த்தத்துக்குள் பெண் வந்து சேராவிட்டால் சம்பந்தம் முறிந்தது என்று மாப்பிள்ளை வீட்டார் கறாராகச் சொல்லிவிட்டார்கள். ஊரே பாலம் கட்டக் கிளம்பியது.

அந்த வழியாக வந்த இன்ஜினியர் ஒருவர் யோசனை சொன்னார். "எந்த வேலையையும் அஞ்சு பகுதியாப் பிரிச்சுக்கணும். தொடங்கணும், திட்டம் போடணும், செய்யணும், கண்காணிக்கணும், முடிச்சு ஒப்படைக்கணும். அப்பத்தான் வேலை வழி தவறாது."

ஊர் ஐந்து குழுவாகப் பிரிந்தது. ஒரு குழுவின் வேலையில் இன்னொரு குழு மூக்கை நுழைக்கக் கூடாது என்று கற்பூரம் அடித்துச் சத்தியமும் செய்துகொண்டார்கள்.

தொடக்கக் குழு தேங்காய் உடைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. திட்டக் குழு சுண்ணாம்புப் பொடியால் பாலத்தை முழு அளவில் வரைந்தது. தண்ணீரில் கோடு நிற்காது என்பதால் ஊருக்கு வெளியே பொட்டலில் வரைந்தார்கள். ஒரு முனையில் அசமந்தூர், மறுமுனையில் அக்கரை என்று எழுதியும் வைத்தார்கள்.

செய்யும் குழு அந்தக் கோட்டின் மேலேயே பாலத்தைக் கட்டி முடித்தது.

கண்காணிப்புக் குழுத் தலைவர் வைகுண்டம் குனிந்து பார்த்தார். "கோட்டை விட்டு ஒரு விரக்கடைகூட விலகலவே."

"ஆறு அங்கிட்டுல்லா கெடக்கு?" என்றார் ஆவுடையப்பன்.

"அண்ணாச்சி, நீரு எந்தக் குழு?"

"தொடக்கக் குழு."

"அப்பப் பேசாதேயும். உம்ம தேங்காயப் பத்தி நாங்க ஏதும் கேட்டமா?"

நியாயம்தானே. ஆவுடையப்பனுக்கும் அது சரியென்றே பட்டது. முடிப்புக் குழு ரிப்பன் வெட்டிப் பாலத்தை ஊரிடம் ஒப்படைத்தது.

முகூர்த்த நாளன்று செண்பகத்தை அலங்கரித்து, மேளதாளத்தோடு பாலமேறினார்கள். நடுப்பாலத்தில் கீழே எட்டிப் பார்த்த அவள் அம்மாவுக்குத் தலை சுற்றியது. மறுமுனையில் இறங்கினால் வரவேற்க ஈ காக்காய் இல்லை. தூரத்தில், ஆற்றுக்கு அப்பால், மாப்பிள்ளை வீட்டார் கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

ஆவுடையப்பனுக்கு ரத்தம் கொதித்தது. "நாம பாலம் தாண்டி வந்து நிக்கோம். அவுக நின்ன எடத்துலயே நின்னு கூப்பாடு போடுதாக. இந்த மருவாதிகெட்ட சம்பந்தம் எம்மவளுக்கு வேண்டாம்."

எல்லோரும் வந்த வழியே திரும்பிப் பாலமேறினார்கள். கோபத்தில் இருந்த ஆவுடையப்பன் மட்டும் பாலத்தில் ஏறாமல், பக்கத்துப் பொட்டலில் விறுவிறுவென்று நடந்தார். மேலிருந்து அதைப் பார்த்த வைகுண்டம் மேளத்தை நிறுத்தச் சொன்னார்.

"யாராவது கயிறு போடுங்கவே. பொண்ணப் பெத்தவரு ஆத்தோட போறாரு."

ஆவுடையப்பன் நின்றார். காலடியில் இருந்த புழுதியைப் பார்த்தார். பிறகு வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, குப்புறப் படுத்து நீந்தத் தொடங்கினார்.