நாச்சிமுத்து ஷெட்டைக் காலி செய்த வரலாறு

2017 மே 21, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறேகால் மணி. நெட்டேரிப்பாளையம் கணபதி நகர் முட்டுச் சந்தில், நாச்சிமுத்துவின் கார் ஷெட்டுக்கு முன்னால் நான்கு பேர் கூடியிருந்தார்கள். நாச்சிமுத்து உட்பட நால்வரும் ஊர் நடைப்பயிற்சிச் சங்கத்தின் உறுப்பினர்கள். வீட்டிலிருந்து டீக்கடை வரை நடப்பது, அங்கிருந்து ஆட்டோவில் வீடு திரும்புவது என்ற இரண்டு கொள்கைகளை மழை வெயில் பாராமல் கடைப்பிடித்து வரும் சங்கம் அது.

கார் ஷெட் என்று பெயரே தவிர, அதற்குள் கார் போனதில்லை. கார் வெளியே வேப்பமரத்தடியில், காக்கைகளின் பராமரிப்பில் நின்றது. ஷெட்டுக்குள் நாச்சிமுத்து இருபது வருடமாகச் சேர்த்த சாமான்கள் இருந்தன. ஓடாத டேபிள் ஃபேன், படம் வராத டிவி, மிதித்தால் அழும் உடற்பயிற்சி சைக்கிள், கல்யாணங்களில் வந்து சேர்ந்த சுவர்க் கடிகாரங்கள், ஒரு சாக்கு நட்டு போல்ட்டு. பால் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். எதைக் காட்டிக் கேட்டாலும், "ரிப்பேர் பண்ணுனா ஓடும்" என்பார். ரிப்பேர் மட்டும் பண்ண மாட்டார்.

போன மாதம் அவர் மனைவி தெய்வாத்தாள் ஊறுகாய் ஜாடி எடுக்க அந்த ஷெட்டுக்குள் போனார். ஜாடி கிடைக்கவில்லை. கிரைண்டர் கல் கிடைத்தது, கால் பெருவிரல் மேலேயே. அன்றைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு பொள்ளாச்சியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். போகிறபோது வாசலில் நின்று சொன்னார்: "இந்த ஷெட்டுக்குள்ள நம்மளுது ஒரு ஆணி கிடந்தாலும் நான் இந்த ஊட்டுல கால் வெக்க மாட்டேன். கேட்டுக்குங்."

அன்று முதல் நாச்சிமுத்துவுக்கு மூன்று வேளையும் ரவை உப்புமா. அவருக்குச் செய்யத் தெரிந்தது அது ஒன்றுதான். அதுவும் பாதிதான் தெரியும்.

சனிக்கிழமை போன் வந்தது. "நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு வர்றேன். ஆட்டோவுல இருந்தே பார்ப்பேன். நான் சொன்னபடி இருந்தா இறங்குவேன். இல்லாட்டி அதே ஆட்டோவுல திரும்பீருவேன்."

வழி சொன்னவன் அமெரிக்காவில் இருக்கும் மைத்துனர் மகன் நிர்மல். அங்கே விடுமுறை வந்தால் ஆளாளுக்கு ஷெட்டைத் திறந்து பழைய சாமானை விற்றுத் தீர்ப்பார்களாம். செய்ய வேண்டியதை ஒவ்வொன்றாக வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தான். நால்வரும் போனைச் சுற்றி நின்று தீபாராதனை பார்க்கிற பக்தியோடு கேட்டார்கள். படித்த பையன் சொன்னதை இம்மி பிசகாமல் செய்வது என்று தீர்மானம் ஆயிற்று. கெட்டது அங்கேதான்.

முதல் செய்தி ஒலித்தது. "மாமா, ஒரு வருஷமா யாரும் தொடாத சாமான் எதுவோ அதையெல்லாம் வெளிய எடுத்து வெய்ங்க. அதுதான் விக்கோணும்."

நாச்சிமுத்து கையைத் தேய்த்துக்கொண்டு உள்ளே நுழைந்தார். "அண்ணா, நில்லுங்!" என்று தடுத்தவர் அப்பாவு. சங்கத்தில் சந்தேகம் கேட்பது அவர் பொறுப்பு.

"என்னப்பா?"

"அந்த டிவியை வெளிய எடுத்து வெக்கப் போறீங். எதுல எடுப்பீங்?"

"கையிலதான்."

"அப்பத் தொட்டாச்சு. தொட்டதை எப்படி விக்கறது? ஒரு வருஷமா யாரும் தொடாததைத்தான் விக்கோணும்னு பையன் தெளிவாச் சொல்லியிருக்கான்."

சங்கத் தலைவர் திருமூர்த்தி கண்ணை மூடி யோசித்தார். அவர் முன்பு கோர்ட்டில் பெயர் கூப்பிடும் டவாலியாக இருந்தவர்; அதனால் சட்டம் தெரிந்தவர் என்று நால்வரும் நம்பினார்கள், அவர் உட்பட.

"அப்பாவு சொல்றது பாயிண்ட்டு" என்று தீர்ப்பு வந்தது. "தொட்டா இன்னொரு வருஷம் காத்திருக்கோணும். நாச்சிமுத்து, உன்ர சம்சாரம் இன்னிக்கு அஞ்சு மணிக்கு வருது. நமக்கு அவகாசம் இல்ல. யாரும் கை வெக்கக் கூடாது."

முருங்கைக்காய் பறிக்கிற தொரட்டி கொண்டுவரப்பட்டது. அதன் கொக்கியை மாட்டி ஒவ்வொரு சாமானாக இழுத்தார்கள். டிவி அலமாரியிலிருந்து முகங்குப்புற விழுந்தது. கடிகாரங்கள் மாலை கோத்த மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக வந்து உடைந்தன. ஒவ்வொன்று விழும்போதும், "கை படலையே?" என்று திருமூர்த்தி கேட்டார். "படலீங்" என்று மற்றவர்கள் திருப்தியாகச் சொன்னார்கள்.

இரண்டாவது செய்தி, சாமானை நன்றாகச் சுத்தம் செய்து வைக்கச் சொன்னது. தொடாமல் துடைக்க வழியில்லை. எனவே தோட்டத்துப் பைப்பை இழுத்து வந்து எல்லாவற்றின் மேலும் தண்ணீர் பீய்ச்சினார்கள். ரேடியோ குளித்தது. மிக்ஸி குளித்தது. தலையணை இரண்டு மடங்கு ஆனது.

"பளிச்சுன்னு இருக்குது" என்றார் நாச்சிமுத்து, ரேடியோவிலிருந்து தண்ணீர் வடிவதைப் பார்த்து. "இனி ரிப்பேர் பண்ணுனா கண்டிப்பா ஓடும்."

மூன்றாவது செய்தி: "ஒவ்வொரு சாமான்லயும் விலைச்சீட்டு ஒட்டுங்க மாமா. ஒண்ணுகூட விடாதீங்க."

இந்த வேலை வஞ்சியப்பனிடம் போனது. அவர் கேள்வி கேட்காத மனிதர். சொன்னதைச் செய்வார், நிறுத்தச் சொல்கிற வரைக்கும் செய்வார். சீட்டுகளின் ஓரத்தைக் குச்சியில் பிடித்து, கை படாமல் ஒட்டிக்கொண்டே போனார். பெரிய சாமான்கள் சீக்கிரம் முடிந்தன. பிறகு நட்டு போல்ட்டுச் சாக்கைக் கவிழ்த்து உட்கார்ந்தார். ஒவ்வொரு நட்டுக்கும் இரண்டு ரூபாய் என்று ஒரு சீட்டு. நட்டை விடச் சீட்டு பெரிது. நடுவில் சீட்டு தீர்ந்துபோய், கடைக்கு ஓடி இன்னும் வாங்கி வந்தார்கள். அந்தச் சீட்டுகளுக்குக் கொடுத்த காசில் புது நட்டு போல்ட்டு ஒரு சாக்கு வாங்கியிருக்கலாம். ஆனால் அதற்கும் சீட்டு ஒட்ட வேண்டியிருக்கும்.

விளம்பரப் பலகை அப்பாவுவின் பொறுப்பு. தெருமுனைகளில் அம்புக்குறி போட்டுப் பலகை வைக்க வேண்டும் என்பது நான்காவது செய்தி. கணபதி நகரைச் சுற்றி நான்கு முனைகள். அப்பாவு நான்கு பலகை செய்தார். "பழைய சாமான் விற்பனை" என்று எழுதி, நான்கிலும் அம்புக்குறியை வலது பக்கமாகப் போட்டார். எந்த முனைக்கும் பாரபட்சம் இருக்கக் கூடாது என்பது அவர் எண்ணம்.

ஷெட்டு இருந்ததோ நடுவில், முட்டுச் சந்தில். ஒன்பது மணி வாக்கில் ஜனங்கள் வந்தார்கள். முதல் முனையில் வலது பக்கம் திரும்பினார்கள். இரண்டாவது முனையிலும் திரும்பினார்கள். மூன்று, நான்கு, மறுபடி முதல் முனை. சற்று நேரத்தில் கணபதி நகரைச் சுற்றி ஒரு கூட்டம் பிரதட்சணம் வந்துகொண்டிருந்தது. பின்னால் வந்தவர்கள் முன்னால் போகிறவர்களைப் பார்த்து, இடம் பக்கத்தில்தான் என்று நம்பினார்கள். ஒரு முனையில் இளநீர் வண்டி வந்து நின்றது. மூன்று சுற்று முடித்த ஒரு அம்மாள், என்ன கோயில் என்று தெரியாமலே கன்னத்தில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

ஷெட்டு வாசலில் ஈ ஆடவில்லை.

பத்தரை மணிக்கு ஒருவர் சந்துக்குள் வந்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். சுற்றிச் சுற்றிக் கால் வலித்து, நிழல் தேடி ஒதுங்கியவர். சாமான்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. டேபிள் ஃபேனைக் காட்டி, "இருநூறா? சரிங்க, இந்தாங்க" என்று நோட்டுகளை நீட்டினார்.

நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஐந்தாவது செய்தி அவர்கள் காதில் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது: "கேட்டதும் தூக்கிக் குடுத்திராதீங்க மாமா. பேரம் பேசித்தான் குடுக்கோணும்."

"அப்படியெல்லாம் குடுக்க முடியாதுங்" என்றார் நாச்சிமுத்து.

"ஏனுங்க? இருநூறுன்னுதான போட்டிருக்குது?"

"போட்டிருக்குது. நீங்க பேரம் பேசோணும்."

"எனக்கு இருநூறு சம்மதங்க."

"உங்களுக்குச் சம்மதமா இருந்தா எப்படிங்? நூறுக்குக் கேளுங்."

வேன்காரர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "சரி, நூறுக்குக் குடுங்க" என்றார்.

"நூறா!" என்று கொதித்தார் அப்பாவு. "ஏனுங்க, வாய் கூசாமக் கேக்கறீங்க? சுத்தமாக் குளிப்பாட்டி வெச்சிருக்கற ஃபேனுங்க இது!"

"அப்ப இருநூறே வெச்சுக்குங்க."

"மறுபடியும் ஒத்துக்கறாரு பாருங்" என்று தலையில் அடித்துக்கொண்டார் திருமூர்த்தி. "இவரு யாவாரத்துக்கு வந்த ஆளே இல்ல."

வேன்காரர் நோட்டைச் சட்டைப் பையில் திணித்தபடி போய்விட்டார். கேட்ட விலையைக் கொடுத்தாலும் தர மாட்டார்கள் என்று தெருமுனையில் அவர் சொன்னது பிரதட்சணக் கூட்டத்தையும் கலைத்தது.

மதியம் ஒரு மணிக்கு நாச்சிமுத்துவின் முகத்தில் உப்புமாவின் சாயல் படர்ந்தது. இன்னும் நான்கு மணி நேரம். ஒரு நட்டுகூட விற்கவில்லை. கடைசிச் செய்தியை அழுத்தினார்.

"மாமா, கூட்டம் இருந்தாத்தான் கூட்டம் வரும். யாரும் வரலீன்னா உங்க ஃபிரெண்ட்ஸையே வாங்கச் சொல்லி நிக்க வெய்ங்க."

"இத முன்னாடியே சொல்லியிருந்தா இவ்வளவு சிரமம் எதுக்கு?" என்றார் திருமூர்த்தி. மூவரும் சந்து முனை வரை போய், வாடிக்கையாளர்களாகத் திரும்பி வந்தார்கள். ஏற்கெனவே பார்த்த முகமாயிற்றே என்று நாச்சிமுத்து சலுகை காட்டவில்லை. "வாங்க, என்ன வேணுமுங்க?" என்று முறையாகக் கேட்டார்.

பேரம் என்றால் அது பேரம். உடற்பயிற்சி சைக்கிளுக்காகத் திருமூர்த்தியும் அப்பாவுவும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"உனக்கு எதுக்குய்யா சைக்கிளு? நடக்கவே ஆட்டோ கேக்கறவன்!"

"உங்களுக்கு மட்டும் எதுக்குங்க? காலையில இதத் தொரட்டியில இழுத்துத் தள்ளுனதே நீங்கதான?"

கடைசியில் சைக்கிள் திருமூர்த்திக்கு, அதன் விலைச்சீட்டு மட்டும் அப்பாவுவுக்கு என்று முடிவாயிற்று. வஞ்சியப்பன் நட்டு போல்ட்டு அத்தனையையும் வாங்கினார். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பேரம் பேசினார். நாலரை மணிக்கு ஷெட்டில் இருந்த எல்லாமே விற்றுத் தீர்ந்தன. நாச்சிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தெய்வா வந்துரும்" என்றார்.

வாங்கியவர்கள் வீட்டுக்குப் போன் போட்டார்கள், சாமான் வைக்க இடம் ஒதுக்கச் சொல்லி. மூன்று வீட்டுப் பெண்களும் ஒருவருக்கொருவர் கலந்து பேசாமலே ஒரே பதிலைச் சொன்னார்கள். அந்தப் பதிலை இங்கே அச்சிட முடியாது.

"நாச்சிமுத்து" என்றார் திருமூர்த்தி, தொண்டையைச் செருமி. "ஊட்டுல கொஞ்சம் இடப் பிரச்சினை. ரெண்டு நாள் இதெல்லாம் இங்கயே இருக்கட்டுமா? உன்ர ஷெட்டுதான் காலியாக் கெடக்குதே."

வாடிக்கையாளர் கேட்டு இல்லை என்று சொல்லலாமா? நால்வரும் சேர்ந்து, விற்ற சாமான்களை, இந்த முறை கையாலேயே தூக்கி, உள்ளே அடுக்கினார்கள். முன்பு இருந்ததைவிட அழகாக அடுக்கினார்கள். கிரைண்டர் கல் அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது.

ஐந்து மணிக்கு ஆட்டோ சந்துக்குள் நுழைந்தது. தெய்வாத்தாள் எட்டிப் பார்த்தார். கூரை வரைக்கும் சாமான்.

"என்னுங் இது?" என்றார்.

நாச்சிமுத்து மார்பை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தார். "தெய்வா, நீ சொன்னபடியே பண்ணிட்டேன். உள்ள இருக்கறதுல நம்மளுது ஒரு ஆணிகூட இல்ல. எல்லாமே இவுங்களுது."

"சத்தியமா எங்களுதுதானுங்க" என்றார்கள் மூவரும்.

தெய்வாத்தாள் ஆட்டோவில் உட்கார்ந்தபடியே நால்வரையும் வரிசையாகப் பார்த்தார். ஆட்டோக்காரர் வண்டியைத் திருப்பவா என்று கேட்டார். "இருப்பா" என்றார். பிறகு பெட்டியோடு இறங்கினார்.

"நான் வார்த்தை மாற மாட்டேன். நம்மளுது ஒரு ஆணி கிடந்தாலும் வர மாட்டேன்னுதான் சொன்னேன். ஆணி இல்ல. வந்துட்டேன்." நாச்சிமுத்து சிரித்தார். தெய்வாத்தாள் வஞ்சியப்பன் பக்கம் திரும்பினார். "அண்ணா, அந்தச் சீட்டு மிச்சம் இருக்குதுங்களா?"

ஒரே ஒரு சீட்டு மிச்சம் இருந்தது. இரண்டு ரூபாய்.

தெய்வாத்தாள் அதை வாங்கி, நாச்சிமுத்துவின் சட்டைப் பை மேல் வைத்து நன்றாக அழுத்தி ஒட்டினார். "நம்மளுதுல இது ஒண்ணுதான் பாக்கி. இதும் ஷெட்டுலயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

அது முதல் நாச்சிமுத்து ஷெட்டில் வசித்தார். சாப்பாடு ஜன்னல் வழியாக வந்தது. உப்புமா வரவில்லை என்பதால் விற்பனை வெற்றி என்றே அவர் எல்லோரிடமும் சொல்லிவந்தார். சங்கத்தார் தினமும் வந்து, யாரும் எதையும் தொடவில்லை என்பதை உறுதி செய்துகொண்டு போனார்கள். ஒரு வருடம் நிறைந்ததும் மறுபடி விற்க வேண்டுமே.

இரண்டாவது விற்பனை 2018 மே 27, ஞாயிற்றுக்கிழமை நடந்தது. அன்று விலைபோன ஒரே சாமான் நாச்சிமுத்து. சீட்டில் இருந்த இரண்டு ரூபாயைத் தெய்வாத்தாள் பேரம் பேசி ஒரு ரூபாய்க்கு முடித்தார். வீட்டில் கொஞ்சம் இடப் பிரச்சினை, ரெண்டு நாள் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.