வளையை விட்டு வராத நண்டு

ஏரியை ஒட்டிய வயல் வரப்பில் ஒரு நண்டு வளை தோண்டிக் குடியிருந்தது. நன்றாகக் கொழுத்த நண்டு.

பக்கத்துப் புளியமரத்தில் ஒரு கொண்டலாத்திப் பறவை இருந்தது. அதற்கு ஒரு வினோதமான பழக்கம். யார் எந்தப் பழமொழியைச் சொன்னாலும் அது மெய்யா பொய்யா என்று நேரில் போய்ப் பார்த்துவிடும்.

ஒருநாள் காலையில் அது நண்டு வளையின் வாசலில் வந்து உட்கார்ந்தது. உச்சிவெயில் வரை நகரவில்லை.

நண்டு எட்டிப் பார்த்தது. "என்ன அக்கா, என் வீட்டுக்குக் காவலா?"

"இல்லை தம்பி! 'நண்டு கொழுத்தால் வளையில் தங்காது' என்கிறார்கள். நீயும் கொழுத்துத்தான் இருக்கிறாய். நிஜமா என்று பார்க்கிறேன்!"

நண்டுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "என்னையா கேலி பேசுகிறார்கள்? இனி ஓர் அடிகூட வெளியே வைக்கமாட்டேன்! உங்கள் பழமொழி பொய்யாகட்டும்!"

சொன்னபடியே உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் தவளை வந்து கூப்பிட்டது. "மேலவயலில் புழுவும் நத்தையும் கொட்டிக் கிடக்கின்றன. வருகிறாயா?"

"பசியில்லை!" என்றது நண்டு. அதன் வயிறு மட்டும் வேறு ஏதோ சொன்னது.

பத்து நாள் போயிற்று. எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறுவதைக் கொண்டலாத்தி பார்த்தது. 'எறும்பு முட்டையோடு மேடேறினால் மழை' என்பதை அது முன்பே மூன்று முறை சரிபார்த்திருந்தது. நேரே வளைக்குப் பறந்தது.

"தம்பி, பெருமழை வரப்போகிறது! வரப்பு சரிந்தால் நசுங்கிப்போவாய். வெளியே வா!"

"ஆஹா! நான் வெளியே வந்தால் பழமொழி பலித்துவிடும். அதற்குத்தானே இந்தத் தந்திரம்?"

மழை பிடித்துக்கொண்டது. வரப்பில் விரிசல் விட்டது. கொண்டலாத்தி கெஞ்சியது, திட்டியது. நண்டு அசையவில்லை. தன்னால் வந்த வினை என்று பறவைக்கு நெஞ்சு பதைத்தது. சட்டென்று குனிந்து உள்ளே உற்றுப் பார்த்தது.

"அடடா! தம்பி, உன்னைக் கொஞ்சம் பார். கொடுக்கைத் தூக்கவே தெம்பில்லை. நீ இளைத்துவிட்டாய்! பழமொழி கொழுத்த நண்டைப் பற்றியது. இளைத்த நண்டு தாராளமாக வெளியே வரலாமே!"

நண்டு தன்னை மேலும் கீழும் பார்த்தது. "அட, ஆமாம்!" என்று தட்டுத்தடுமாறி வெளியே வந்தது. அது பக்கத்து மேட்டில் ஏறியதுமே வரப்பு பொத்தென்று சரிந்தது.

நண்டு தன் வளை இருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தது. பிறகு மெல்லக் கேட்டது. "அக்கா, மறுபடி கொழுத்தால் என்ன செய்வது?"

"பசித்தால் வெளியே வா. பழமொழியை நான் பார்த்துக்கொள்கிறேன்!"

ஊர் சொல்லுக்காக ரோஷப்பட்டு உட்கார்ந்திருப்பவர், தம் கண்ணெதிரே வரும் ஆபத்தைக் காணமாட்டார்.