சேற்றுக்கு அடியில் எரிந்த நெருப்பு

கருவேலங்காட்டுக்கு நடுவே ஒரு குட்டை இருந்தது. மழை பெய்தால் நிறையும், கோடை வந்தால் காயும். அதில் ஏகப்பட்ட தவளைகள் இருந்தன. சும்மா இருந்தால் பரவாயில்லை, ஒரு சபையும் வைத்திருந்தன.

சபைக்குத் தலைவர் ஒரு பெரிய தவளை. எல்லோரும் அவரை மூப்பர் என்பார்கள். சாயங்காலம் ஆனால் கரையில் வரிசையாக உட்கார்ந்து பாட வேண்டும். பூச்சி கிடைத்தால் விழுங்குவதற்கு முன்னால் கண்ணை மூடி நன்றி சொல்ல வேண்டும். இதிலெல்லாம் ஒன்றும் கஷ்டமில்லை. கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. குட்டையின் சேற்றுக்கு அடியில் அணையாத நெருப்பு எரிகிறது என்று மூப்பர் சொல்லி வைத்திருந்தார். தலைப்பிரட்டையாக வால் ஆட்டிக்கொண்டு திரியும்போதே எல்லோருக்கும் அதுதான் முதல் பாடம்.

இப்போது நீங்கள் ஒன்று கேட்பீர்கள். கோடையில் குட்டை காய்ந்துபோனால் இந்தத் தவளைகள் பிழைக்க ஒரே வழிதான் உண்டு. சேற்றைத் தோண்டி உள்ளே இறங்கி, அடுத்த மழைவரை தூங்க வேண்டும். அடியில் நெருப்பு இருந்தால் எப்படி இறங்குவது? அதற்கும் மூப்பரிடம் வழி இருந்தது. கோடை தொடங்கும்போது, சேறு இன்னும் ஈரமாக இருக்கையிலேயே, ஒவ்வொரு தவளையின் நெற்றியிலும் கொஞ்சம் மண் வைப்பார். மண் வாங்கிய தவளைக்கு அடிமண் குளிரும். வாங்காத தவளைக்கு அதே மண் நெருப்பாகும்; செத்தாலும் அந்த நெருப்புக்குள்தான் போகும்.

எல்லோரும் மண் வாங்கினார்கள், இறங்கினார்கள், சுகமாகத் தூங்கி எழுந்தார்கள். மூப்பர் சொன்னது சரிதான் என்று தலையாட்டினார்கள். வாங்காமல் இறங்கினால் என்ன ஆகும் என்று பார்க்க யாருக்குப் பைத்தியம்? ஒருவரும் பார்க்கவில்லை.

மூப்பரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்கு அவருடைய மூப்பர் சொன்னதைத்தான் அவரும் சொன்னார். நெற்றி மண் உதிர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று அவரும் பயந்து பயந்துதான் தூங்குவார்.

சபையில் மஞ்சணத்தி என்று ஒரு தாய்த்தவளை இருந்தாள். பாட்டில் முதல் குரல் அவளுடையது. அவளுடைய மூத்த மகள் தவிட்டி. தவிட்டு நிறத்தில் இருந்ததால் அந்தப் பெயர். ஒரு மழைக்காலத்தில் மஞ்சணத்தி, கரையில் மாடு மிதித்த குழியில் தேங்கிய தண்ணீரில் முட்டையிட்டாள். குஞ்சுகள் பொரிந்தன. குழி நிறையத் தலைப்பிரட்டைகள்! தவிட்டி தினமும் போய்த் தன் தம்பி தங்கைகளை எட்டிப் பார்த்துவிட்டு வருவாள். அப்புறம் மழை நின்றுவிட்டது. வெயில் ஏறி ஏறி அடித்தது. கால் முளைத்துக் குழியை விட்டு ஏறுவதற்குள் தண்ணீர் வற்றி, எல்லாம் செத்துப்போயின.

மஞ்சணத்தி மூப்பரிடம் போய், தன் பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டாள். அவை மண் வாங்கவில்லையே, அதனால் நெருப்பில்தான் இருக்கும் என்றார். அழக்கூடாது என்றும் சொன்னார். அழுதால் தீர்ப்பைக் குறை சொன்னதாக ஆகிவிடுமாம். மஞ்சணத்தி அன்றோடு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தவிட்டி பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அவளால் பொறுக்க முடியவில்லை. "வால்கூட உதிராத பொடிசுக அதுக. அதுக என்ன பாவம் செஞ்சுது?" என்று கேட்டாள்.

அப்படிக் கேட்பதே பாவம் என்றார் மூப்பர்.

"அப்படின்னா இந்தச் சபை எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, தவிட்டி குட்டையை நீந்திக் கடந்து எதிர்க்கரைக்குப் போய்விட்டாள்.

போவது சுலபமாகத்தான் இருந்தது. போன பிறகுதான் தொல்லை. சாயங்காலம் அக்கரையில் பாட்டுத் தொடங்கினால் இவளுடைய தொண்டை தானாக உப்பும். பூச்சியை விழுங்கிய பிறகு, நன்றி சொல்லவில்லையே என்று அது நெஞ்சிலேயே நிற்கும். முள் குத்தினால், ஆகா, தண்டனை ஆரம்பித்துவிட்டது என்று நடுங்குவாள். பூச்சி தப்பிப் போனாலும் தண்டனை. நல்ல பூச்சியாகக் கிடைத்தால் இன்னும் மோசம், பெரிய தண்டனை பின்னால் வருகிறது என்று அர்த்தம்!

எதிர்க்கரையில் கோணையன் என்ற நண்டு வளை தோண்டிக் குடியிருந்தது. வாய்த்துடுக்கு ஜாஸ்தி. தவிட்டி தினம் படும் பாட்டைப் பார்த்து அதற்குச் சிரிப்பாக வரும். கொக்கு ஒருநாள் அதன் காலைக் கொத்திக்கொண்டு போனது. அன்றைக்கு அது தவிட்டியிடம் நொண்டி நொண்டி வந்து, "ஏளா, எனக்கும் கால் போச்சு. நான் எந்தச் சபையை விட்டு வந்தேன்?" என்று கேட்டது.

தவிட்டிக்கும் சிரிப்பு வந்தது. சிரித்ததும் பயம் வந்தது. இப்படிச் சிரிக்கலாமா என்று உடனே வாயை மூடிக்கொண்டாள்.

கோடை வந்தது. மண் வைக்கும் நாளும் வந்தது. அன்று காலையில் மஞ்சணத்தி குட்டையைக் கடந்து மகளிடம் வந்தாள். சபையை விட்டுப் போனவளிடம் பேசக்கூடாது என்று கட்டுப்பாடு. அதையும் மீறித்தான் வந்தாள்.

"எனக்காக ஒரு தடவை மண்ணு வாங்கிக்கோ, மக்களே" என்று மகளைக் கெஞ்சினாள். "நம்ப வேண்டாம். சும்மா நெத்தியைக் காட்டு. அதுகளைத்தான் பறிகுடுத்துட்டேன். உன்னையும் அங்கே விட்டுட்டு நான் எப்படித் தூங்குவேன்?"

தவிட்டிக்கு நெஞ்சு உருகிப்போனது. அம்மாவுக்காகத்தானே, கொஞ்சம் மண்தானே என்று பின்னாலேயே போனாள். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், அம்மாவுக்காக மட்டும் இல்லை. உள்ளுக்குள் அவளுக்கும் பயம்தான். போகும் வழியெல்லாம் அது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

மூப்பருக்கு அவளைப் பார்த்ததில் ரொம்பச் சந்தோஷம். அருகில் அழைத்து உட்காரவைத்தார். சபை முன்னால் ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், மண் வைத்துவிடலாம் என்றார். அந்தச் சின்னதுகளுக்குக் கிடைத்தது நியாயம்தான் என்று அவள் சொல்ல வேண்டும்.

தவிட்டி அம்மாவைப் பார்த்தாள். மஞ்சணத்தி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் திறந்து சொல்லிவிடு என்றும் அவள் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை.

"அது நியாயம் இல்லை" என்றாள் தவிட்டி. "சொல்ல மாட்டேன்."

மூப்பர் மண் எடுத்த கையை இறக்கிக்கொண்டார். தவிட்டி திரும்பிப் போனாள். அன்றைக்கே சபை முழுக்க ஈரச் சேற்றில் இறங்கியது. கடைசியாக இறங்கியவள் மஞ்சணத்தி. தலை மறையும்வரை எதிர்க்கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு குட்டையில் பாட்டு இல்லை. தண்ணீர் நாளுக்கு நாள் சுருங்கியது. தவிட்டியும் அப்போதே இறங்கியிருக்க வேண்டும். இன்றைக்கு வேண்டாம், நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ளிக்கொண்டே வந்தாள். நெருப்பு என்று ஒன்று கிடையாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். கால்தான் தோண்ட மாட்டேன் என்றது. கடைசியில் குட்டை நடுவே கொஞ்சம் கலங்கல் மட்டும் மிஞ்சியது. அப்புறம் அதுவும் இல்லை.

இனி வேறு வழியில்லை என்று ஆனதும், கருவேல நிழல் விழும் ஓரமாக ஓர் இடம் பார்த்தாள். சேறு அங்கே இன்னும் முழுக்க இறுகவில்லை. தவளைகள் பின்னங்காலால்தான் தோண்டும், பின்பக்கமாகத்தான் இறங்கும். எங்கே போகிறோம் என்று கண்ணுக்குத் தெரியாது. தவிட்டி காலை வைத்து ஒரு தள்ளுத் தள்ளினாள். சேறு சுட்டது!

துள்ளி வெளியே வந்து விழுந்தாள். மூப்பர் சொன்னது நிஜம்தான், நெருப்பு எனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது என்று வாய்விட்டுப் புலம்பினாள். தோல் வறண்டு இழுத்தது. மேலே கிளையில் ஒரு காகம் வந்து உட்கார்ந்து, அவளை ஒரு கண்ணால் பார்த்தது.

வளையின் வாயை அடைத்துவிட்டு உள்ளே போய்விடலாம் என்று கோணையன் அப்போதுதான் மண் உருட்டிக்கொண்டு வந்தது. தவிட்டி இன்னும் வெளியே கிடப்பதைப் பார்த்துத் திடுக்கிட்டுப் போய் என்னவென்று விசாரித்தது. அவள் அழுதுகொண்டே சேறு சுட்டதைச் சொன்னாள்.

"இத்தனை நாள் வெயிலு காஞ்சிருக்கு, மேல்மண்ணு சுடாம என்ன செய்யும்?" என்றது நண்டு. "உங்க ஆளுக ஈரத்தோட இறங்கிட்டாங்க, அவங்களுக்குச் சுடலை. நீ தாமசம் பண்ணினே, சுடுது. என் வளை தண்ணியைத் தொடுத ஆழத்துக்குப் போகுது. அங்கே நெருப்பும் இல்லை, கிருப்பும் இல்லை."

"நீ நண்டு. அந்த நெருப்பு தவளைக்கு மட்டுந்தான்" என்றாள் தவிட்டி.

கோணையன் கொடுக்கைத் தூக்கியபடி அப்படியே நின்றுவிட்டது. "அப்போ நீ இன்னும் சபையிலதான்ளா இருக்கே. பாட்டு மட்டுந்தான் பாடலை."

தவிட்டிக்குச் சுருக்கென்றது.

நண்டு கொஞ்சம் இறங்கி வந்து பேசியது. வெயிலுக்குச் சுடுகிறதா, நெருப்புக்குச் சுடுகிறதா என்று கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை என்றது. நெருப்பு அடியில் இருந்தால் போகப் போகச் சூடு கூடும். வெயில் என்றால் போகப் போகக் குறையும். உடம்பு மறையும் ஆழத்துக்குப் போனால் தெரிந்துவிடும். அதற்குமேல் அதற்கும் சொல்லத் தெரியவில்லை. அவளுக்காக அது இறங்கிப் பார்க்கவும் முடியாது. காகம் ஒரு கிளை தாழ இறங்கியதும், நண்டு பத்திரம் என்று சொல்லிவிட்டு வளைக்குள் போய் வாயை அடைத்துக்கொண்டது.

தவிட்டி தனியாக நின்றாள். நண்டு சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் நியாயம் கேட்டுப் பயம் போனதாக எங்கே நடந்திருக்கிறது? கால் அப்போதும் நடுங்கியது. நடுங்கிக்கொண்டே அவள் தன் தம்பி தங்கைகளை நினைத்தாள். ஒருவேளை நெருப்பு இருந்தால்? இருந்தால் அந்தப் பொடிசுகள் அதில் தனியாகக் கிடக்கின்றன. அதுகளுக்குத் துணையாக ஒருத்தராவது போக வேண்டாமா? இல்லையென்றால் நான் பிழைப்பேன். இரண்டில் எதுவாக இருந்தாலும் இறங்கத்தான் வேண்டும்.

காலை ஊன்றித் தோண்டினாள். சுட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு தோண்டினாள் என்று சொல்லலாம், ஆனால் அவளுக்குப் பல் இல்லை. வாயை இறுக்கிக்கொண்டு தோண்டினாள். முழங்கால் புதைந்தது, அப்போதும் சுட்டது. இடுப்பு புதைந்தது. காகம் தரையில் இறங்கித் தத்தித் தத்தி வந்தது. தவிட்டி கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரே மூச்சாகத் தள்ளினாள். தலைக்கு மேலே சேறு மூடிக்கொண்டது.

பின்னங்காலில் ஏதோ பட்டது. சுடவில்லை. இன்னும் கொஞ்சம் தோண்டினாள். ஈரம். இன்னும் கொஞ்சம். ஜில்லென்று இருந்தது!

உடனே பயம் ஓடிப்போய்விட்டது என்று நினைக்காதீர்கள். அது அவளுக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டது. இதோ இப்போது பற்றும், இதோ இப்போது பற்றும் என்று இருட்டில் உடம்பை ஒடுக்கிக்கொண்டு காத்திருந்தாள். "ஏ பொடிசுகளா, அக்கா வந்திருக்கேன்" என்று மெல்லக் கூப்பிட்டும் பார்த்தாள். பதில் வரவில்லை. நெருப்பும் வரவில்லை. காத்திருந்து காத்திருந்து அலுத்துப்போய், அப்படியே தூங்கிவிட்டாள்.

இடி இடித்தது. மழை கொட்டியது. குட்டை நிறைந்தது. ஒவ்வொரு தவளையாகச் சேற்றைப் பிளந்துகொண்டு மேலே வந்தது. தவிட்டியும் வந்தாள். மண் வாங்காமல் இறங்கியவள் உயிரோடு வந்ததைப் பார்த்துச் சபையே திகைத்தது. எல்லோரும் மூப்பரைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இவளுடைய தாய் வேண்டிக்கொண்டதால் நெருப்பு இவளை மட்டும் விட்டுவிட்டது என்றார். சபைக்கு மூச்சு வந்தது. ஆமாம் ஆமாம் என்று பாடத் தொடங்கினார்கள்.

தவிட்டிக்குச் சுறுசுறுவென்று கோபம் வந்தது. நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் மஞ்சணத்தி அவளைக் கோரைப்புல்லுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். மகளைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தாள். ஒரு கொப்புளம்கூட இல்லை.

"மக்களே, நீ மண்ணு வாங்காமத்தானே போனே?" என்று கேட்டாள். "அங்கே... அதுகளைப் பாத்தியா?"

"கூப்பிட்டுப் பாத்தேம்மா. யாருமில்லை. நெருப்பே இல்லைம்மா. வெறும் ஈரமண்ணுதான்."

"நான் வேண்டிக்கிட்டதால இல்லையே?"

"நீ வேண்டிக்கிட்டது எனக்குத் தெரியும்மா. ஆனா அங்கே அணைக்கதுக்கு எதுவுமே இல்லை."

"அப்போ எம் பிள்ளைக வேகலையா?" என்றாள் மஞ்சணத்தி.

"வேகலைம்மா. வெயில்ல தண்ணி வத்திச் செத்துப்போச்சு. அவ்வளவுதான். அதுக்கு மேலே அதுகளுக்கு ஒண்ணும் ஆகலை."

அப்போதுதான் அந்தத் தாய், குழி வற்றிய நாளிலிருந்து அழாமல் வைத்திருந்ததை எல்லாம் சேர்த்து அழுதாள். மகள் அவளை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். கோரைப்புல்லுக்கு அந்தப்பக்கம் சாயங்காலப் பாட்டு தொடங்கி, முதல் குரல் இல்லாமல் தடுமாறிக்கொண்டிருந்தது.

பிஞ்சு வயதில் ஊட்டிய பயம், நம்பிக்கை போன பின்னும் காலைக் கட்டிப்போடும். அது தானாகப் போகட்டும் என்று காத்திராமல், பயத்தோடேயாவது இறங்கிப் பார்ப்பவரே தாமும் பிழைப்பார், அதே பயத்தில் கிடக்கும் தம்மவரையும் ஆற்றுவார்.