மூன்று நாள் துருவப் பயிற்சியும் மாடக்கண்ணு கல்யாணமும்

வெயிலுகந்தபட்டிக்காரர்கள் சொன்ன சொல்லை மீறாதவர்கள். சிக்கலே அதில்தான். வீட்டைப் பார்த்துக்கொள் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போனால், திருடன் சாமான்களை வெளியே எடுத்து வைக்கும்போதும் அவர் வீட்டையே பார்த்துக்கொண்டு நிற்பார். பக்கத்து ஊர்க்காரனான எனக்கு அவர்கள் மேல் கோபம் கிடையாது. கொஞ்சம் பொறாமைதான் உண்டு. அந்த ஊரில் ஒருவருக்குக்கூட ரத்தக் கொதிப்பு இல்லை.

அங்கே ஒரு சுற்றுச்சூழல் மன்றம் இருக்கிறது. தலைவர் சொக்கையா, செயலாளர் பெத்தணன், பொருளாளர் வன்னியராசு. மன்றம் என்றால் உறுப்பினர் ஒருவராவது வேண்டுமே என்று மாடக்கண்ணுவுக்கு மட்டும் பதவி கொடுக்காமல் வைத்திருந்தார்கள். தினமும் தண்ணீர் ஊற்றச் சொல்லிக் கொடுத்த வேப்பங்கன்றுக்கு, அடைமழையில் குடை பிடித்துக்கொண்டு தண்ணீர் ஊற்றிய மன்றம் அது. கன்று அழுகிப்போனதும் மழைக்குக் கண்டனத் தீர்மானம் போட்டார்கள்.

ஒரு சித்திரை மாதம் நூலகத்தின் பலகையில் அறிவிப்பு ஒன்று ஒட்டியிருந்தது. துருவ அறிவியலிலும் சுற்றுச்சூழல் அறிவியலிலும் வரப்போகிற கருத்தரங்குகள், பயிற்சிகள் என்று நீளமாகப் போட்டிருந்தது. அதில் ஒன்று, மலைமேல் இருக்கும் ஓர் ஆய்வு மையத்தில் மூன்று நாள் துருவப் பயிற்சி முகாம். வெயில் அதிகமுள்ள ஊர்களின் மன்றங்களுக்கு முன்னுரிமை உண்டாம். வெயிலில் எங்கள் வட்டாரத்தை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. நால்வரும் விண்ணப்பித்தார்கள், நால்வருக்கும் இடம் கிடைத்துவிட்டது. வேறு யாரும் விண்ணப்பிக்கவில்லை என்பதை மையத்தார் பெருந்தன்மையாகச் சொல்லாமல் விட்டார்கள்.

இதில் ஒரே ஒரு இடைஞ்சல். முகாம் வெள்ளி, சனி, ஞாயிறு. அடுத்து வரும் வியாழக்கிழமை மாடக்கண்ணுவுக்குக் கல்யாணம்.

மாடக்கண்ணுவுக்குப் பெண் கிடைத்ததே பெரிய காரியம். பார்க்கப் போன வீட்டிலெல்லாம் காப்பியைக் கொடுத்து வாசல் வரை வந்து வழியனுப்பிவிட்டார்கள். அடுத்த ஊர் செண்பகவல்லி மட்டும்தான் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மனசுல கள்ளம் இல்ல. மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்று சரி சொன்னாள். அன்றிலிருந்து மாடக்கண்ணு தூக்கத்திலும் சிரித்துக்கொண்டிருந்தான்.

வெள்ளி போய் ஞாயிறு திரும்பினால் வியாழக்கிழமை கல்யாணம் என்பதில் உங்களுக்கும் எனக்கும் குழப்பமில்லை. ஆனால் தலைவர் சொக்கையா அனுமதிக் கடிதத்தோடு வந்த குறிப்பைப் படித்துவிட்டார். முகம் வெளிறிப்போய் மன்றத்தைக் கூட்டினார்.

"தோழர்களே, துருவத்துல ஆறு மாசம் பகலாம், ஆறு மாசம் ராத்திரியாம். எழுதியிருக்கான்."

"சரி தலைவரே."

"ஒரு பகலும் ஒரு ராத்திரியும் சேந்தா என்ன?"

"ஒரு நாள்," என்றான் பெத்தணன்.

"அங்க ஒரு நாள்னா நமக்கு ஒரு வருசம். அப்ப மூணு நாள் துருவப் பயிற்சின்னா?"

வன்னியராசு விரல் விட்டு எண்ணிப் பார்த்து, பொருளாளர் என்ற முறையில் கணக்கு சரிதான் என்று உறுதி செய்தான். மாடக்கண்ணு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"மூணு வருசமா? செண்பகம் என்ன செய்வா?"

"நாட்டுக்காகப் போறோம்டா," என்றார் சொக்கையா. எந்த நாட்டுக்காக என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

மாடக்கண்ணு சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்ச் செண்பகவல்லியிடம் அழுதான். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு முகாம்காரர்களுக்கே போன் போட்டு, அவனுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தாள்.

"சார், இந்த முகாம் எத்தனை நாளைக்கு?"

"மூணு நாள்தாம்மா. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அனுப்பிருவோம்."

"கேட்டீங்களா?" என்றாள்.

"கேட்டேன்," என்று இன்னும் அதிகமாக அழுதான் மாடக்கண்ணு. "அவரும் மூணு நாள்னுதான் சொல்லுறாரு."

செண்பகவல்லி போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். "சரி, போயிட்டு வாங்க. வியாழக்கிழமை காலையில மணமேடையில இருங்க. எனக்கு அது போதும்" என்றாள். எப்படி இவ்வளவு தைரியமாக வழியனுப்புகிறாள் என்று மாடக்கண்ணு வழியெல்லாம் வியந்துகொண்டே வந்தான்.

அதன் பிறகு மூன்று வருடத்துக்கான ஏற்பாடுகள் மளமளவென்று நடந்தன. ஊரில் இல்லாமல் போகும் மூன்று தீபாவளியையும் ஒரே மாலையில் கொண்டாடினார்கள். மூன்று முறை எண்ணெய் தேய்த்துக் குளித்ததில் சொக்கையாவுக்கு ஜலதோஷம் பிடித்தது. மூன்று வருட முடி ஒரேயடியாக வளர்ந்து கண்ணை மறைக்குமே என்று பெத்தணன் மொட்டை அடித்துக்கொண்டான். வன்னியராசு தன் சினை ஆட்டின் காதில் மூன்று வருடத்துக்கான அறிவுரைகளைச் சொல்லி, தம்பி வீட்டில் கட்டினான்.

குறிப்பில் இன்னொன்றும் இருந்தது. குளிருக்கு உடம்பைப் பழக்கிக்கொண்டு வர வேண்டும், கம்பளி உடைகள் அணிய வேண்டும்.

"ரெண்டையும் ஒண்ணாச் செய்யணுமா, தனித்தனியாவா?" என்று பெத்தணன் கேட்டான்.

"தனித்தனியான்னு போடலையே," என்றார் சொக்கையா.

ஆகவே, உச்சி வெயிலில், கழுத்து வரை கம்பளி சுற்றிக்கொண்டு, சோடாக்கடையிலிருந்து வாங்கி வந்த ஐஸ் கட்டிகள் மேல் நால்வரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். மேலே வியர்த்துக் கொட்டியது, கீழே மரத்துப்போனது. ஐஸ் உருகி ஓடியதும் சொக்கையா எழுந்து நின்று, "துருவப் பனி உருகுதுன்னு சொன்னாங்கள்ல? கண்ணால பாத்தாச்சு" என்று மன்றத்தின் முதல் ஆய்வு முடிவை அறிவித்தார்.

மூன்றாவது குறிப்பு, பனிப்புயலில் யாரும் தொலைந்துவிடாமல் இருக்க அணியினர் ஒரே கயிற்றில் பிணைத்துக்கொள்வது நல்லது என்றது. முகாமுக்கு முந்தின நாள் வியாழக்கிழமை புறப்படும்போதே மாட்டுக் கயிற்றால் இடுப்போடு இடுப்பாகக் கட்டிக்கொண்டார்கள். மதுரை பேருந்து நிலையத்தில் பெத்தணனுக்கு அவசரம் வந்தது. நால்வரும் போனார்கள். உள்ளே ஒரு ஆள் நிற்கிற இடம்தான். திரும்பி வந்தபோது பேருந்து போய்விட்டிருந்தது. அடுத்த பேருந்தில், முன்வாசலில் சொக்கையாவும் பின்வாசலில் மாடக்கண்ணுவும் ஏறியதில், நடுவில் இருந்த இரண்டு பேரும் வெளியிலேயே நின்றார்கள். கண்டக்டர் கும்பிட்டுக் கேட்டுக்கொண்ட பிறகே ஒரே வாசலில் ஏறினார்கள்.

முகாமில் அவர்களுக்கு நல்ல மரியாதை. பயிற்சி கொடுத்தவர் கருணாம்பிகை என்ற ஒரு விஞ்ஞானி. தென்துருவத்துக்கே போய் வந்தவர். ஜன்னல் இல்லாத பெரிய கூடத்தில், விளக்கை அணைக்காமல் வைத்து, துருவத்துப் பகல் எப்படி இருக்கும் என்று காட்டினார். முதல் வகுப்பிலேயே அவர், "இங்க இருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் நீங்க துருவத்துலதான் இருக்கீங்கன்னு நினைச்சுக்கணும்" என்று சொல்லிவிட்டார். சாதாரணமாகச் சொன்னார், பாவம். எதிரில் உட்கார்ந்திருப்பது யார் என்று அவருக்குத் தெரியாது.

நால்வரும் நினைத்துக்கொண்டார்கள். நினைத்ததை நிறுத்தும்படி யாரும் சொல்லவில்லை.

"ஒரு வருசம் போயிருச்சு தலைவரே," என்று சனிக்கிழமை இட்லி சாப்பிடும்போது வன்னியராசு பெருமூச்சு விட்டான். "ஒரு வருசத்துக்கு மூணு வேளைச் சாப்பாடுதான் போடுறாங்க. ஆனா பசிக்கல பாத்தீங்களா?"

"குளிர்ல பசி சுருங்கிரும்," என்றார் சொக்கையா.

மாடக்கண்ணு மட்டும் சரியாகச் சாப்பிடவில்லை. பனிக்கட்டியைத் துளைத்து உருளையாக எடுப்பது எப்படி, அதற்குள் அடைபட்ட பழைய காற்றை அளப்பது எப்படி என்று கருணாம்பிகை சொல்லிக் கொடுத்தபோது, அவன் செண்பகவல்லியை நினைத்து அழுதான். கண்ணீர் கன்னத்திலேயே உறையும் என்று எதிர்பார்த்தான். உறையவில்லை, சட்டையில் சொட்டியது. அதைப் பார்த்திருந்தால் எனக்கே சங்கடமாக இருந்திருக்கும்.

ஞாயிறு மாலை சான்றிதழ் கொடுத்து அனுப்பினார்கள். திங்கள் காலை நால்வரும் ஊரில் இறங்கினார்கள். மூன்று வருடம் கழித்துச் சொந்த மண்ணை மிதிக்கிற ஆட்கள் அல்லவா? சொக்கையா குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

டீக்கடைக் கண்ணாடி ஜாடியில், போகும்போது பார்த்த அதே கடித்த பன் இருந்தது. "பாவம், மூணு வருசமா வியாபாரமே இல்ல போல" என்று இரக்கப்பட்டு நாலு டீ சொன்னார்கள். பெத்தணன் மொட்டைத் தலையைத் தடவிப் பார்த்து, துருவத்தில் முடி வளராது என்பதைக் கண்டுபிடித்தான். தம்பி வீட்டு வாசலில் ஆடு இன்னும் சினையாகவே நின்றது. வன்னியராசு அதன் முதுகில் கை வைத்து, "மூணு வருசம் சுமந்துக்கிட்டு நிக்கியே தாயி, குட்டி யானை அளவுக்கு வருமோ?" என்று கலங்கினான்.

மாடக்கண்ணு எதையும் பார்க்கவில்லை. நேராக அடுத்த ஊருக்கு ஓடினான். கயிறு இன்னும் அவிழ்க்கப்படாததால் மற்ற மூவரும் ஓடினார்கள்.

செண்பகவல்லி வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. மாடக்கண்ணு, "போச்சே! வேற ஒருத்தனுக்குக் கட்டிக் கொடுக்கப் போறாங்களே!" என்று தெருவில் உட்கார்ந்து கதறினான். அவன் உட்கார்ந்ததால் மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

பந்தலில் கட்டியிருந்த பேனரை எழுத்துக் கூட்டிப் படித்தது வன்னியராசுதான். "மாப்ளே, பேனர்ல உன் பேருதான் போட்டிருக்கு. வர்ற வியாழக்கிழமை தேதியும் போட்டிருக்கு."

"அந்தத் தேதி போய் மூணு வருசமாச்சே," என்றான் பெத்தணன்.

சொக்கையா யோசித்தார். ஆழமாக யோசித்தார். "அப்ப கல்யாணம் முடிஞ்சிருச்சு" என்றார்.

"நான் இல்லாமலா?"

"பத்திரிகை அடிச்சா கல்யாணம் நடந்துதான் ஆகணும். மாப்பிள்ளை இருந்தாத்தான் நடக்கும்னு பத்திரிகையில எங்கயாவது போட்டிருந்துச்சா?"

போட்டிருக்கவில்லை. "பந்தக்காரன்தான் மூணு வருசமாப் பிரிக்காம விட்டிருக்கான், சோம்பேறிப் பய" என்று வன்னியராசு முடித்து வைத்தான்.

அந்த நேரம் பார்த்துச் செண்பகவல்லி வெளியே வந்தாள். இடுப்பில் இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று. கல்யாணத்துக்காகத் திருப்பூரிலிருந்து நேற்று வந்து இறங்கிய அவள் அக்காவின் மகள் அது. மாடக்கண்ணு அதுவரை பார்த்ததில்லை.

அவன் குழந்தையைப் பார்த்தான். தன் விரல்களை விட்டு எண்ணிப் பார்த்தான். கல்யாணமாகி மூன்று வருடம், குழந்தைக்கு வயது இரண்டு. வாழ்க்கையிலேயே முதல் முறையாக அவனுக்கு ஒரு கணக்கு சரியாக வந்தது.

"தலைவரே!" என்று கத்தினான். "எனக்குப் பொம்பளப் புள்ள பொறந்திருக்கு!"

குழந்தையை வாங்கி முத்தமிட்டு, தன் மூக்கே அச்சாக வந்திருப்பதாகச் சொல்லிச் சிரித்துச் சிரித்து அழுதான். குழந்தையும் அழுதது. நான் கேள்விப்பட்ட வரையில், அந்தத் தெருவில் அவ்வளவு சந்தோஷமாக ஒரு மனிதன் நின்றதே இல்லை.

"இன்னைக்குத் திங்கக்கிழமைங்க! நீங்க போய் நாலு நாளுதான் ஆகுது!" என்று செண்பகவல்லி அவனை இழுத்துக்கொண்டு போய், சுவரில் மாட்டியிருந்த தேதிக் காலண்டரைக் காட்டினாள்.

மாடக்கண்ணு காலண்டரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், உருகிப்போனான். "நான் போனதுல இருந்து தேதியக்கூடக் கிழிக்காம உக்காந்திருக்கியா செண்பகம்?"

அவள் சமையலறைக்குப் போய்ச் சுவரில் தலையைச் சாய்த்து நின்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அக்காவுக்கே தெரியவில்லை. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "சரிங்க. வியாழக்கிழமை நம்ம மூணாம் வருசக் கல்யாண நாள். புதுசா ஒரு தாலி கட்டிருங்க" என்றாள்.

மாடக்கண்ணு வியாழக்கிழமை மணமேடையில் உட்கார்ந்தான். மடியில் குழந்தை. ஐயர் கேட்டபோது, "மூத்தவ" என்று அறிமுகம் செய்துவைத்தான். தாலி ஒழுங்காக ஏறியது. செண்பகவல்லி நிம்மதியாக மூச்சு விட்டாள். மன்றத்தின் சார்பில், குழந்தைக்கு நல்ல பள்ளிக்கூடம் எது என்று முன்வரிசையில் ஒரு விவாதம் நடந்துகொண்டிருந்தது.

மறுநாள்தான் வினை வந்தது. அக்கா தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திருப்பூர் பேருந்தில் ஏறிவிட்டாள். மாடக்கண்ணு பேருந்துக்குப் பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடி, ரோட்டோரத்தில் உட்கார்ந்து தேம்பினான். செண்பகவல்லி பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தாள். எதுவும் பலிக்கவில்லை.

சொக்கையா வந்தார். நூலகப் பலகையிலிருந்து புதிதாகக் கிழித்துக்கொண்டு வந்த தாளை விரித்தார்.

"அழாதடா. அடுத்த மாசம் கடல்பனி பத்தி ஒரு கருத்தரங்கு போட்டிருக்கான். ரெண்டே நாளுதான். நீ போயிட்டு வா, வீட்டுல புள்ள ஒண்ணு நடந்துக்கிட்டு இருக்கும்."

மாடக்கண்ணு கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். மனைவியை அன்போடு ஒருமுறை பார்த்துவிட்டுத் தலைவரிடம் கேட்டான்:

"ஒரு வாரக் கருத்தரங்கு ஏதாச்சும் இருக்கா தலைவரே? எங்களுக்குப் பிள்ளைங்கன்னா ரொம்ப ஆசை."