பூட்டின கெணறும் மூணு செரட்டைத் தண்ணியும்

ஒரே ஒரு ஊருல செய்தூன்னு ஒருத்தி இருந்தா. எப்படியாப்பட்ட ஊருங்கிறீங்க? முன்னால பார்த்தா கடல், உப்பு. பின்னால பார்த்தா களர், உப்பு. தோண்டுன கெணறு அம்புட்டும் உப்பு. ஒரே ஒரு கெணத்துலதான் கல்கண்டுத் தண்ணி, அது பாக்கர் தம்பிங்கிறவன் தோட்டத்துல இருந்துச்சு. நல்ல மனுசன் கையில இருந்திருந்தா நான் எதுக்கு இந்தக் கதையைச் சொல்லப் போறேன்?

செய்தூனைக் கட்டுன மாப்புள உதுமான், தோணி ஏறி மலாக்காவுக்குச் சபுரு, கடல் பயணம் போனவரு. ஒரு வருசத்துல வந்துடுவேன்னு போனவரு, ரெண்டு வருசமாச்சு, ஒரு தாக்கல் தகவலும் இல்லை. ஊருல நாலு பேரு நாலு விதமாப் பேசுனாங்க. அவளோ, "ரமலான் வரட்டும், லைலத்துல் கத்ரு ராத்திரி வரட்டும், கேக்குற எடத்துல கேட்டுக்கிறேன்"னு பொறுத்திருந்தா.

அது என்ன ராத்திரின்னு தெரியாம சும்மா உம் கொட்டாதீங்க. குர்ஆன் எறங்குன ராத்திரி அது. ஆயிரம் மாசத்தைவிட அந்த ஒத்த ராத்திரி ஒசத்தி. வானத்துலேருந்து மலக்குமாருங்க எறங்கி வருவாங்க, விடியிற வரைக்கும் சலாமத்து, சாந்தி. எந்த ராத்திரின்னு மட்டும் அல்லாஹ் ஒளிச்சு வச்சுட்டான். ரமலான் கடைசிப் பத்துல, ஒத்தப்பட ராத்திரியில தேடுங்கன்னாங்க நபி நாயகம். நம்ம சனங்க இருபத்தேழைப் புடிச்சுக்கிட்டாங்க. அந்த நேரம் வந்தா கடல் தண்ணிகூட இனிக்கும்னு பெரியாளுங்க சொல்லுவாங்க. நான் குடிச்சுப் பார்க்கல, கேட்டதைச் சொல்றேன்.

அப்புறம், கடைசிப் பத்து வந்துச்சு. பாக்கர் தம்பி கெணத்து மேல பலகை போட்டு, ஆட்டுத்தலைத் தண்டிப் பூட்டைத் தொங்கவிட்டான். இருபத்தொண்ணுல செய்தூன் குடத்தோட போயி, அண்ணன் முறை வச்சுக் கேட்டா. "காக்கா, நோன்பு தொறக்க ஒரு குடம்." "நான் இபாதத்துல, வணக்கத்துல இருக்கேன், போ புள்ளே!" இருபத்துமூணுல போனா. "காக்கா, அரைக் குடம்." "எனக்கும் அல்லாஹ்வுக்கும் நடுவுல வராத, போ புள்ளே!" இருபத்தஞ்சுல போனா. "காக்கா, ஒரு சொம்பு." கதவையே சாத்திப்புட்டான். நல்லா இருக்குல்ல இபாதத்து!

அப்புறம் இருபத்தேழாம் ராத்திரிக்கு மொதப் பகல்ல அவ என்ன செஞ்சா, ரெண்டு மைல் நடந்து, காஞ்ச ஓடையில மணலைத் தோண்டி, தேங்காச் செரட்டையால ஊத்துத் தண்ணியை மொண்டு மொண்டு ஒரு சின்னக் குடம் கொண்டாந்தா. நோன்பு தொறக்கக் கொஞ்சம், தொழுகைக்கு முன்ன கைகால் கழுவுற ஒளுவுக்குக் கொஞ்சம் போக, விடியுமுன்னக் குடிக்கிற சஹருக்குன்னு அடியில மூணு செரட்டைதான் மிச்சம்.

இருபத்தேழும் வந்துச்சு. ஆம்புளைங்க எல்லாம் பள்ளிவாசல்ல. பாக்கர் தம்பி மட்டும் கடற்கரையில. ஏன்? கடல் இனிக்கிற நேரத்தை நாக்காலயே புடிச்சு, "என் கெணத்தைத் தவிர ஊர்ல ஒரு சொட்டு நல்ல தண்ணி ஊறப்படாது"ன்னு அல்லாஹ்கிட்ட துஆ கேக்க! கேட்டீங்களா அநியாயத்தை? மொழங்கால் தண்ணியில நின்னு ஒரு செரட்டை குடிச்சான், உப்பு. இடுப்புத் தண்ணியில நின்னு ஒரு செரட்டை குடிச்சான், உப்பு. நெஞ்சுத் தண்ணிக்குப் போயி, முட்ட முட்டக் குடிச்சான், அதுவும் உப்பு. அங்கதான் இடுப்புல சொருகியிருந்த கெணத்துச் சாவி நழுவிக் கடலுக்குள்ள போயிருச்சு. வயித்தைப் புரட்டுது, நாக்கு வறளுது. அவன் வூடோ ஊருக்கு அந்தக் கடைசியில. கரையை ஒட்டுன மொத வூடு செய்தூன் வூடு, அங்க தவழ்ந்து வந்து சேர்ந்தான்.

உள்ள செய்தூன் தொழுது முடிச்சு கையேந்தி உட்கார்ந்திருக்கா. விடியுமுன்ன, கம்பிப் பிறை எழும்புற நேரம். ஒடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு அவளுக்கு, இதுதான் அந்த நேரம்னு மனசு சொல்லுது. மாப்புள பேரைச் சொல்ல வாயைத் தொறந்தா, வெளிய சத்தம்.

"தண்ணி."

குரலு தெரிஞ்சுது. செவுடு மாதிரி இருந்தா.

"தண்ணி, செய்தூன்."

கண்ணை இறுக்க மூடிக்கிட்டா. இப்பக் கேக்காட்டி இன்னொரு வருசம் ஆகுமே!

"தண்ணி, தங்கச்சி."

தங்கச்சியாம்ல! அன்னைக்குத்தான் அவன் வாயில அந்தச் சொல்லு வந்துச்சு. செய்தூனுக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. "யா அல்லாஹ், கேக்க வந்தவளை எழுப்பி விடுறியே"ன்னு ஏந்துன கையை எறக்கி, முக்காட்டை இழுத்துவிட்டு, கொடத்தைத் தூக்கிட்டுப் போனா. ஒரு செரட்டை ஊத்துனா, குடிச்சான். ரெண்டாவது செரட்டை ஊத்துனா, குடிச்சான். மூணாவது, அவளோட சஹர் தண்ணி, அதையும் ஊத்துனா. கொடம் காலி. அவன் வாந்தி எடுத்ததைக் கழுவி, சாக்கை விரிச்சுப் படுக்க வச்சு, ஓலை விசிறியால விசிறிக்கிட்டு இருக்கும்போதே பள்ளியில விடியக்காலை சுபுஹு பாங்கு சொல்லிட்டாங்க.

ராத்திரி போச்சு. மாப்புள பேரை அவ சொல்லவே இல்லை. செவுத்துல சாஞ்சு தேம்பித் தேம்பி அழுதா. பாவம், நாக்கை நனைக்காமலே அன்னைக்கு நோன்பும் புடிச்சா.

பாக்கர் தம்பி அதையெல்லாம் படுத்தபடியே கேட்டுக்கிட்டு இருந்தான். விடிஞ்சதும் தள்ளாடிப் போனான். சாவிதான் கடல்ல கெடக்கே! ஊரு மொத்தமும் வேடிக்கை பார்க்க, கருங்கல்லை எடுத்துத் தன் பூட்டைத் தானே ஒடைச்சான். கை பொத்துப் போச்சு. அந்தக் கையோடயே மொதக் குடத்தைச் செய்தூன் வாசல்ல எறக்கி, "பொறுத்துக்கம்மா"ன்னான். அவ மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா. அவளும் மனுசிதானே? ஆனா கொடத்தை உள்ள எடுத்து வச்சா.

அப்புறம் மூணு நாள் கழிச்சு, பெருநாள் பிறை பார்க்கக் கடற்கரையில கூடுனவங்க கண்ணுக்குப் பிறையோட ஒரு பாயும் தெரிஞ்சுது. உதுமான் தோணி! தோணியில இருந்த ஏழு பேரும் எலும்பும் தோலுமா எறங்குனாங்க. பாக்கர் தம்பி ஓடிப்போய்த் தன் கையாலயே தண்ணி எறைச்சுக் குடுத்தான்.

வூட்டுக்கு வந்ததும் உதுமான் சொன்னாரு: "அன்னைக்கு இருபத்தேழு ராத்திரி. தண்ணி தீர்ந்து நாலு நாளாயிருந்துச்சு செய்தூன். இன்னைக்கோட மவுத்து, சாவுதான்னு கலிமா சொல்லிக்கிட்டுக் கெடந்தோம். கம்பிப் பிறை எழும்புற நேரம், மூஞ்சி கழுவக் கடல்ல கையை விட்டேன். ஒதட்டுல பட்டது இனிச்சுது. செரட்டையால மொண்டு ஏழு பேரும் நாக்கை நனைச்சோம். அதுலதான் உசுரு நின்னுச்சு. மறுநாள் மழை பெஞ்சுது."

செய்தூன் அவரு கையைப் புடிச்சுக்கிட்டா. "எத்தனை செரட்டை மொண்டீங்க?"

"மூணு. நாலாவது மொண்டேன், உப்பு."

அவ அப்படியே அவரு தோள்ல சாஞ்சு அழுதா, சிரிச்சா, திரும்ப அழுதா. வாயால கேக்க முடியாமப் போன துஆவை அவ தண்ணியாக் குடுத்துட்டு வந்திருக்கா, பாருங்க.

அதுக்கப்புறம் அந்தக் கெணத்துக்குப் பூட்டே கெடையாது. வருசா வருசம் கடைசிப் பத்து ராத்திரியும் பாக்கர் தம்பிதான் கயித்தைப் புடிச்சுக்கிட்டு நின்னு வந்தவங்களுக்கெல்லாம் எறைப்பான். தாகத்தோட ஒருத்தன் வாசல்ல நின்னா, துஆவை நிறுத்திட்டு எழுந்திரிங்க, மக்களே. அந்தக் கெணத்துல தண்ணி இன்னும் ஊறுது, என் கதை இத்தோட ஆறுது.