நண்டு பிடித்த ஏழாவது கொழு

அந்தக் காலத்தில் நண்டு நேராகத்தான் நடந்தது. முகம் பார்த்த திசையில் கால் போகும். பேசவும் செய்யும். அப்போது பேசாத பிராணியே கிடையாது. உழவுக்குப் போகிற மாடு வழியெல்லாம் குறை சொல்லிக்கொண்டே போகும். காக்கை ஊர்வம்பு முழுவதையும் கூரையில் உட்கார்ந்து கொட்டும். சொன்ன பேச்சைக் கேட்காதது இரும்பு ஒன்றுதான்.

மலையடிவாரத்தில் ஒரு மேட்டூர். அங்கே வயிரவன் என்று ஒரு கொல்லன். அவன் மனைவி காத்தாயி துருத்தி ஊதுவாள், அவன் அடிப்பான். பட்டறை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நாலு கால், மேலே பனையோலை, நடுவில் உலை. உலைக்கு எதிரே, இரும்பை வைத்து அடிக்க ஒரு இரும்புப் பட்டடை. அதை ஒட்டி, காய்ச்சிய இரும்பை நனைக்க ஒரு கல்தொட்டி. பக்கத்து வாய்க்காலிலிருந்து அதற்குத் தண்ணீர் வரும். சூட்டு இரும்பைக் கவ்விப் பிடிக்கக் குறடு இல்லை. குறடு என்ற ஒன்றை உலகத்தில் யாரும் அதுவரை பார்த்ததே இல்லை.

பழுக்கக் காய்ச்சிய இரும்பை உலையிலிருந்து எடுத்துப் பட்டடையில் வைக்க இரண்டு பச்சைக் குச்சி போதும். வைத்த பிறகுதான் வம்பு. சுத்தியல் விழுந்ததும் இரும்பு எகிறும். நீளக் கம்பியாக இருந்தால் ஆறிய முனையைக் கையில் பிடித்துக்கொண்டு அடிக்கலாம். வயிரவனுக்குக் கிடைத்ததெல்லாம் கையகலத் துண்டுகள். முழுக்கச் சிவந்துபோன துண்டில் எங்கே பிடிப்பது?

சாதாரண வருஷமாக இருந்திருந்தால் மெதுவாகச் செய்துகொள்ளலாம் என்று விட்டிருப்பான். அந்த ஊரில் இரண்டு வருஷமாக மழை இல்லை. மண் இறுகிப் பாறையாகக் கிடந்தது. மரக்கலப்பை அதில் இறங்காமல் முனை முறிந்தது. முதல் மழை விழுந்து மண் இளகுகிற அந்த ஒரு நாளுக்குள் ஆழமாக உழுதுவிட வேண்டும். விட்டால் மறுநாள் வெயிலில் பழைய கதைதான். ஊரில் ஏழு ஏர். ஏழின் முனைக்கும் மாட்ட இரும்புக் கொழு வேண்டும். விதைக்கு வைத்திருந்த கேழ்வரகை ஊர் ஏற்கெனவே ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்திருந்தது.

வயிரவன் தனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டினான். பச்சைப் பனைமட்டையை நடுவில் பிளந்து, இரும்பை அதில் கவ்வ வைத்தான். நாலாவது அடியில் மட்டை பற்றிக்கொண்டது. இரண்டு கல்லை இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்தான். கல் ஒரு பக்கமும் இரும்பு இன்னொரு பக்கமும் போயின. பிறகு காத்தாயி ஒரு யோசனை சொன்னாள். கற்றாழை நாரில் கயிறு திரித்து, தண்ணீரில் ஊறப்போட்டு, இரும்பின் மேல் குறுக்காகப் போட்டு, இரண்டு பக்கமும் கனமான கல்லைத் தொங்கவிட்டார்கள். இது நன்றாகவே பிடித்தது. ஒன்பது அடி வரை பிடித்தது. பத்தாவது அடியில் கயிறு கருகி அறுந்து, ஒரு கல் வயிரவனின் கால் பெருவிரலில் விழுந்தது. இரும்பு தொட்டிக்குள் விழுந்தது.

தொட்டிக்குள்ளிருந்து ஒரு நண்டு எட்டிப் பார்த்தது.

"ஆசாரி, இது மூணாவது தடவை. நீ இரும்பை அடிக்கிறியா, இல்ல என் மேல எறியிறியா?"

விரலைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்ற வயிரவனுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "நான் என்ன வேணும்னா செய்யிறேன்? பிடிக்க ஆளில்லாமத் தவிச்சுக்கிட்டிருக்கேன். நீ வேற."

"சரி, நான் பிடிக்கிறேன்."

காத்தாயி துருத்தியை விட்டுவிட்டுச் சிரித்தாள். "நெருப்புப் பக்கம் வந்தா பொரிஞ்சு போவே. போ, போயித் தண்ணிக்குள்ள கிட."

"எங்க தண்ணி?" என்றது நண்டு. "வாய்க்காலைப் பாத்தியா அக்கா? என் முட்டிக்குக்கூட இல்ல. நீங்க உழுதா உங்களுக்குச் சோறு. மழை பெஞ்சா எனக்கு வீடு. ரெண்டுக்கும் ஒரே மழைதானே? என் ஓடு நனைஞ்சிருந்தா இருபது அடிக்குச் சூடு உள்ள ஏறாது. இருபது முடிஞ்சதும் விட்டுட்டுத் தொட்டியில குதிச்சு, நனைஞ்சுட்டு வாறேன். அதுக்குள்ள நீங்க இரும்பைத் திரும்பக் காய வைங்க."

வயிரவன் ஓட்டைச் சுண்டிப் பார்த்தான். கெட்டியாகத்தான் இருந்தது. கொடுக்கு இரண்டும், இந்த வேலைக்கென்றே வார்த்தது மாதிரி இருந்தன.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. சுத்தியல் சத்தத்தில், விடு என்று கத்தினால் யார் காதிலும் விழாது. அதற்கு வயிரவனே வழி கண்டுபிடித்தான். பழுத்த இரும்பின் மேல் விழுகிற சுத்தியல் மொத்தென்று சத்தம் போடும். வெறும் பட்டடையில் விழுந்தால் மணி மாதிரி கேட்கும். இருபது அடி முடிந்ததும் பட்டடை ஓரத்தில் ஒரு தட்டுத் தட்டுவது, அதைக் கேட்டதும் நண்டு பிடியை விடுவது என்று பேசிக்கொண்டார்கள்.

வேலை நடந்தது. நண்டு பட்டடையின் மேல் ஏறி, இரும்பின் இரண்டு ஓரத்தையும் கவ்விக்கொண்டு நிற்கும். வயிரவன் அடிப்பான். இருபது அடி, ஒரு தட்டு. நண்டு குதிக்கும், தொட்டி சொய்யென்று சீறும். இரண்டே நாளில் இரண்டு கொழு முடிந்தது. முறத்தில் வைத்துப் பார்த்தபோது காத்தாயிக்குச் சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை. அது அவளுக்கு அடிக்கடி நடக்கிற விஷயம் இல்லை.

மூன்றாவது கொழுவில்தான் கோளாறு. பதினைந்தாவது அடியோ பதினாறாவது அடியோ விழுகிற நேரம், காத்தாயியின் முழங்கை பட்டு வெண்கலச் செம்பு கல்லில் விழுந்தது. டங்கென்று கேட்டதும் நண்டு பிடியை விட்டது. அடுத்த அடியில் இரும்பு எகிறிக் காத்தாயியின் பாதத்தில் விழுந்தது.

வயிரவன் கொதித்துப் போனான். "வெண்கலச் சத்தத்துக்கும் பட்டடைச் சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாத உன்னை நம்பிப் பிடிக்கச் சொன்னேன் பாரு, என்னைச் சொல்லணும். பிடின்னா பிடியா இருக்கணும். பாதியில விடுறதுக்குப் பேரு பிடியா? அந்தப் பனைமட்டையே தேவலை. எரிஞ்சு போனாலும் அதுவா விடல."

காத்தாயி காலில் கற்றாழைச் சோற்றை அப்பிக்கொண்டே, "அதை ஏன் வையிறீங்க? செம்பைத் தட்டிவிட்டது நான்தானே" என்றாள். அவன் காதில் வாங்கவில்லை.

நண்டின் கண் இரண்டும் ஓட்டுக்குள் போய்விட்டன. பிறகு சொன்னது: "இனிமே உன் பட்டடை சொல்லாம என் பிடி விடாது ஆசாரி. இடி விழுந்தாலும் விடாது. நீயே வாயால விடுன்னாலும் விட மாட்டேன்."

"பாப்போம்" என்றான் வயிரவன். அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. ஒவ்வொன்றும் வளையாமல் நெளியாமல் வந்தது. கூரையில் காக்கை கத்தியது, ஒரு மாடு வந்து நின்று கூலி கிடைக்குமா என்று நண்டிடம் கேட்டது. எதற்கும் பிடி தளரவில்லை. வயிரவனுக்குக் கோபம் எப்போதோ தணிந்துவிட்டது. அதை நண்டிடம் சொல்ல வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. வேலை நடக்கிறதே, பிறகென்ன என்று இருந்துவிட்டான்.

ஏழாவது கொழு பட்டடைக்கு ஏறியபோது உச்சிப்பொழுது சாய்ந்திருந்தது. காற்று நின்று, ஈரவாடை வந்தது. இரும்பு நன்றாகப் பழுத்திருந்தது. பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு. முனை கூர்ந்துகொண்டு வந்தது. பதினெட்டாவது அடி விழுந்தபோது ஓலையில் பட்டென்று ஒரு துளி. அப்புறம் ஓலை முழுவதும். தெருவில் யாரோ "மழை! மழைடோய்!" என்று கத்தினார்கள். அடுத்த கணம் ஊரே கத்தியது.

இரண்டு வருஷம் மழையைப் பார்க்காதவன் என்ன செய்வான்? வயிரவன் சுத்தியலைப் போட்டுவிட்டு ஓடினான். காத்தாயி காலில் கட்டோடு நொண்டிக்கொண்டு அவன் பின்னால் ஓடினாள். வாசலில் ஏர் பூட்டிய ஆட்கள் நின்றார்கள். "கொழு எங்க ஆசாரி? மாட்டிவிடு, மாட்டிவிடு, மண்ணு இளகுது!" ஆறு கொழுவையும் முறத்தோடு அள்ளிக்கொண்டு அவன் வயலுக்குப் போனான். ஒவ்வொரு கலப்பையாக மாட்டி, ஆப்பு இறுக்கி, மண்ணில் இறக்கிவிட்டான். மண் வழிவிட்டது. அவனை யாரோ தோளில் தூக்கினார்கள். மாடுகள்கூட அன்றைக்கு ஒரு குறையும் சொல்லவில்லை.

நண்டு பட்டடை மேல் நின்றது. ஓலைக்கூரை நனையவிடாது. ஒரு சாண் தள்ளி இறவாரத்திலிருந்து தண்ணீர் கொட்டியது. ஒரு குதி குதித்தால் தொட்டி. இருபது அடி நேரம் போனது. ஓடு காய்ந்தது. சூடு கொடுக்கில் ஏறி, கால்களில் ஏறி, முதுகுக்கு வந்தது. வானத்தில் இடி விழுந்தது. நண்டு அசையவில்லை. பட்டடை இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

வயலில் மூன்றாவது உழவுச் சால் ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் போன ஏரின் கொழு மண்ணுக்குள் கிடந்த ஒரு கல்லில் மோதியது. டங்.

வயிரவன் தோளிலிருந்து குதித்தான். "நான் தட்டலையே" என்றான். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. காத்தாயிக்குப் புரிந்தது. இரண்டு பேரும் சேற்றில் விழுந்து எழுந்து ஓடினார்கள்.

பட்டறையில் உலை அணைந்திருந்தது. இரும்பு ஆறிக் கறுத்திருந்தது. அதைக் கவ்விக்கொண்டிருந்த நண்டு மட்டும் உச்சி முதல் கால் நுனிவரை சிவந்திருந்தது.

"விட்டுரு" என்றான் வயிரவன். "விட்டுரு சாமி, முடிஞ்சுபோச்சு."

நண்டு விடவில்லை. காத்தாயி கொடுக்கைத் தொட்டுப் பிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "சுத்தியலை எடுங்க" என்று அழுதாள். கீழே கிடந்த சுத்தியலை அவன் எடுத்தான். பட்டடை ஓரத்தில் ஒரு தட்டுத் தட்டினான். எவ்வளவு மெதுவாகத் தட்டினாலும் அது மணி மாதிரித்தான் கேட்டது.

கொடுக்கு இரண்டும் திறந்தன.

"தப்புதான்" என்றான் வயிரவன். "நான் அன்னிக்குச் சொன்னதும் தப்பு, இன்னிக்குச் செஞ்சதும் தப்பு." அழுகையை அவன் மறைக்கவில்லை.

நண்டு பட்டடையிலிருந்து இறங்கியது. அவனுக்கு முகம் கொடுக்க அதற்கு மனசில்லை. இத்தனை நாள் சேர்ந்து வேலை செய்தவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகவும் மனசில்லை. அதனால் பக்கவாட்டில் நடந்தது. அப்படியே தரையைக் கடந்து, நிரம்பி ஓடிய வாய்க்காலுக்குள் இறங்கி, கரையில் ஒரு பொந்துக்குள் போய்விட்டது. தண்ணீரில் ஊற ஊற அதன் சிவப்பு உள்ளே போய்ப் பழைய நிறம் வந்தது. ஆனாலும் நெருப்பைக் கண்டால் அந்தச் சிவப்பு இன்றைக்கும் வெளியே வந்துவிடுகிறது.

ஏழாவது கொழு எந்தக் கலப்பைக்கும் போகவில்லை. அது இல்லாமலே ஆறு ஏரும் முறைபோட்டு ஊர் முழுவதையும் உழுது முடித்தன. அந்த இரும்பை வயிரவன் மறுபடி காய்ச்சி இரண்டாக வெட்டினான். ஒவ்வொன்றையும் நீட்டி, முனையைக் கொடுக்கு மாதிரி வளைத்து, இரண்டையும் ஓர் ஆணியில் கோத்தான். செய்து முடிப்பதற்குள் இடது கையில் மூன்று விரல் பொசுங்கியது. பிடி தளராமல் இருக்க, கைப்பக்கம் ஒரு வளையத்தையும் மாட்டினான். அதைத் தள்ளிவிட்டால் குறடு இறுகிக்கொள்ளும். யாரிடமும் சத்தியம் வாங்க வேண்டாம். காத்தாயி தன் பழைய கயிற்று யோசனையைச் சங்கிலியில் செய்து பார்த்தாள். இரும்பின் மேல் குறுக்கே சங்கிலி, கீழ்முனையில் காலை நுழைத்து மிதிக்க ஒரு வளையம். கயிறு தப்பே தவிர யோசனை தப்பில்லை என்று அவள் சொல்லிக்கொண்டாள். சரியாகத்தான் சொன்னாள்.

அந்த வருஷம் கேழ்வரகு நன்றாக விளைந்தது. முதல் கதிரில் ஒரு பிடியைக் காத்தாயி வாய்க்கால் பொந்தருகே வைத்துவிட்டு வந்தாள். மறுநாள் பார்த்தபோது அதைக் காணோம்.

குறடு வந்த பிறகும், அடித்து முடித்ததும் வயிரவன் பட்டடை ஓரத்தில் ஒரு தட்டுத் தட்டினான்.

"இப்பப் பிடிச்சிருக்கிறது வெறும் இரும்புதானே. அதுக்குக் காதா இருக்கு?" என்று ஒருநாள் காத்தாயி கேட்டாள்.

"வாய்க்காலுக்குக் கேக்கும்ல" என்றான் அவன்.

அன்று முதல்தான், எந்த ஊர்க் கொல்லனும் வெறும் பட்டடையில் ஒரு தட்டுத் தட்டாமல் சுத்தியலைக் கீழே வைப்பதில்லை.